நேவிகேஷன் மிஷின் சரியாத்தான் காட்டுது, மூளை நகந்துட்டா?

கேள்வி: 3 ஜூன், இரவு 9.12

என் பெரியம்மாவுக்கு தலைல கட்டி, பாண்டியில ஆபரேஷனுக்கு தேதி குடுத்திருக்காங்க. நேவிகேஷன் வெச்சு பண்றாங்களாம். ஸ்கேன் படத்த பாத்துக்கிட்டே போறதால ஒரு மில்லிமீட்டர்கூட தப்பாதுன்னு பக்கத்து வீட்டு அண்ணன் அடிச்சு சொல்றாரு. யூடியூப்ல இன்னொருத்தர், மண்டைய தொறந்ததும் மூளையே நகந்துடும், அப்புறம் அந்த படம் குப்பைங்கறாரு. ரெண்டுல எது நெஜம்? ஆபரேஷன் தியேட்டர்ல வேல பாக்குறவங்க இருந்தா சொல்லுங்கண்ணே.

3 ஜூன், இரவு 10.40

ரெண்டு பேரும் பாதி பாதி சொல்றாங்க தம்பி. நான் பதினோரு வருஷமா தியேட்டர் டெக்னீஷியன். வீடு கடலூர் ஓ.டி., அதாவது ஓல்ட் டவுன், வேல பாண்டியில ஒரு ஓ.டி., அதாவது ஆபரேஷன் தியேட்டர், தினம் ஓ.டி.ல ஏறி ஓ.டி.ல எறங்குறேன்னு எங்க வீட்ல கிண்டல் பண்ணுவாங்க. டாக்டர் இல்ல, அத முதல்லயே சொல்லிடறேன். நேவிகேஷன் மிஷின செட் பண்ணி, கேமராவ திருப்பி, நம்பர் படிச்சு சொல்றது என் வேல, அவ்ளோதான்.

மிஷினுக்கு மூளை தெரியாது. அதுக்கு தெரிஞ்சது ரெண்டு சாமான்தான். ஒண்ணு ஆபரேஷனுக்கு முன்னாடி எடுத்த எம்.ஆர்.ஐ., மில்லிமீட்டர் கணக்குல மெலிசு மெலிசா சீவி எடுத்தது. இன்னொண்ணு தலைய புடிச்சிருக்க கிளாம்ப்ல மாட்டின ஸ்டார், அதுல பளபளன்னு சின்ன உருண்டைங்க இருக்கும், மேல நிக்கிற கேமரா இன்ஃப்ராரெட் அடிச்சு அத பாத்துக்கிட்டே இருக்கும். கிளாம்ப் கூரான பின் மூணு வெச்சு மண்டை ஓட்ட கெட்டியா கவ்வியிருக்கும். பாயிண்டர் முனைய எங்க வெச்சாலும் படத்துல அந்த எடத்துல புள்ளி வரும். எல்லா கணக்கும் மண்டை ஓட்ட வெச்சுத்தான், உள்ள இருக்கறதும் ஓட்டோட ஒட்டிக்கிட்டு அசையாம கெடக்குதுன்னு மிஷின் நம்பிக்கிட்டு இருக்கு. ஓடு மூடியிருக்க வரைக்கும் அது சரியும்கூட.

மீதி நாளைக்கு. காலைல ஆறரை பஸ்.

4 ஜூன், மதியம் 1.15

சாப்பாட்டு நேரத்துல எழுதறேன், துண்டு துண்டா வரும்.

மூளை தண்ணில மெதக்குது. வெளிய எடுத்து தராசுல வெச்சா 1400 கிராம் பக்கம் வரும், உள்ள அந்த தண்ணில மெதக்கும்போது சுமார் 50 கிராம் கனம்தான். மொத்த தண்ணியே 150 மில்லிதான், நாம குடிக்கிற டீ டம்ளர் ஒண்ணரை. டியூரான்னு ஒரு உறை, அத கிழிச்சதும் அந்த தண்ணி கசியும், சக்ஷன்ல போகும், காத்து உள்ள நுழையும். மெதந்துக்கிட்டு இருந்தது திடீர்னு தன் கனத்த தானே தாங்கணும். அது தயிர் மாதிரி சாமான், தாங்குமா? உக்காந்துடும். இது போதாதுன்னு வீக்கம் கொறைய மானிட்டால் ஏத்தியிருப்பாங்க, அது மூளைலேந்து நீர வாங்கிடும், அனஸ்தீசியா டாக்டர் மூச்ச கொஞ்சம் வேகமா ஓட்டுனா அதுலயும் சுருங்கும். அப்புறம் கட்டிய எடுக்க எடுக்க அங்க ஒரு பள்ளம், சுத்தி இருக்கறதெல்லாம் அதுக்குள்ள சாயும்.

இவ்வளவும் நடக்குது, ஸ்க்ரீன்ல இருக்க படம் மட்டும் நேத்து எடுத்ததுதான்.

4 ஜூன், இரவு 11.05

எவ்ளோ நகரும்னு மூணு பேர் கேட்டிருக்கீங்க. அமெரிக்காவுல டார்ட்மத்துல டேவிட் ராபர்ட்ஸ்னு ஒரு சர்ஜன், 1986ல மைக்ரோஸ்கோப்ப படத்தோட இணைச்சு, தலைல இரும்பு ஃப்ரேம் இல்லாம வழி பாக்குற முறைய கொண்டு வந்தவங்கள்ல ஒருத்தரு. 1998ல அவரே 28 கேஸ அளந்து, மேல்பரப்பு சராசரியா 1 சென்டிமீட்டர் நகருதுன்னு எழுதினாரு, அதுவும் பெரும்பாலும் பூமி இழுக்குற பக்கம். தான் செஞ்ச வண்டி எங்க தடம் மாறுதுன்னு தானே அளந்து வெளிய சொன்ன மனுஷன், எனக்கு அவர் மேல தனி மரியாதை. ஜெர்மனில எர்லாங்கன்ல நிம்ஸ்கி குழு ஆபரேஷன் நடுவுலயே எம்.ஆர்.ஐ. எடுத்து பாத்து 2000ல எழுதினதுல மேல்பரப்பு அதிகபட்சமா 24 மில்லிமீட்டர் வரைக்கும் போயிருக்கு. 24 மில்லின்னா கட்டவெரல் அகலத்துக்கு மேல.

ஆனா எல்லாருக்கும் அப்படி இல்ல. மண்டையோட அடித்தளத்துல ஒட்டிக்கெடக்குற கட்டின்னா அங்க நகர எடமே கெடையாது, நேவிகேஷன் கடைசி வரைக்கும் ஒத்துவரும். உங்க பெரியம்மாவுக்கு எங்கன்னு எனக்கு தெரியாது, இங்க போடவும் வேணாம். அவங்க டாக்டர்கிட்ட கேளுங்க, கேக்கலாம், தப்பில்ல.

6 ஜூன், இரவு 10.20

நீ எப்படி அளந்தன்னு கேட்டீங்கள்ல, சொல்றேன், என் மானம் போற கதை.

எங்க சர்ஜன் மேடம் எப்பவும் எலும்ப தொறக்கறதுக்கு முன்னாடி, ஓரமா மூணு எடத்துல டிரில் முனைய லேசா வெச்சு சின்ன குழி போட வெப்பாங்க, மிளகு உக்கார்ற அளவு. பாயிண்டர அதுல வெச்சு மூணையும் மிஷின்ல சேவ் பண்ணிடுவோம். டியூராவ தொறந்ததும் மேல ரத்தக்குழாய் ரெண்டா பிரியற எடம் ஒண்ண தேர்ந்தெடுப்பாங்க, மருந்து ஏத்தி எடுத்த எம்.ஆர்.ஐ.ல அதே கவை தெரியும். கவைய பாயிண்டரால தொட்டா புள்ளி படத்துல இருக்க கவை மேல உக்காரணும். உக்காராம தள்ளி விழுந்தா, எவ்ளோ தள்ளின்னு அளந்துக்கணும். மூளை நகர்றத அளக்க கைல இருக்க லேசான வழி இதுதான்.

ரெண்டு வருஷம் முன்னாடி, வேற ஒரு ஆஸ்பத்திரி, பேர் வேணாம். அங்க நான் ஆர்வத்துல ஒரு நாப்பது பக்க நோட்டு போட்டு கேஸ் கேஸா எழுதிக்கிட்டு இருந்தேன். அன்னிக்கு கவைய தொட்டா 9 மில்லி. நான் நோட்டுல 9ன்னு பெருசா எழுதி, பாத்தீங்களா மேடம் மூளை 9 மில்லி எறங்கிடுச்சுன்னு பெருமையா சொல்றேன், நானே கண்டுபுடிச்ச மாதிரி. அவங்க மைக்ரோஸ்கோப்லேந்து கண்ண எடுக்காம “எலும்ப தொட்டு பாத்தியாப்பா?” அப்படின்னாங்க. தொட்டு பாத்தா குழி 7 மில்லி தள்ளி காட்டுது. எலும்பு எங்கய்யா நகரும்? மேல மூடற டிரேப் துணி போடும்போது யாரோ ஸ்டார் மேல கைய ஊணியிருக்காங்க, ஸ்க்ரூ நான்தான் முடுக்கினது, சரியா முடுக்கல. ஆக மூளை நகந்தது 2 மில்லிதான், மீதி 7 என் கைங்கரியம்.

அன்னிலேந்து எனக்கு ஒரே பாடம். மூளைய குத்தம் சொல்றதுக்கு முன்னாடி எலும்ப தொட்டு பாரு.

7 ஜூன், காலை 6.50

பஸ்ல இருக்கேன். கணக்கு வாத்தியார் ஒருத்தர் ராத்திரி ரெண்டு மணிக்கு எழுதியிருக்காரு, 9லேந்து 7 கழிச்சா 2ன்னு யார்யா உனக்கு சொன்னது, தூரத்துக்கு தெசை இருக்குல்லன்னு. படிச்சதும் தூக்கம் போச்சு. சார் சொல்றது சரி. ஸ்டார் வடக்கால 7 மில்லி தள்ளி, மூளை கெழக்கால எறங்கியிருந்தா கழித்தல் செல்லாது. ரெண்டும் ஒரே தெசைன்னா மூளை நகந்தது 2, நேர் எதிர் தெசைன்னா 16, நடுவுல எது வேணா இருக்கலாம். ரெண்டு வருஷமா எல்லார்கிட்டயும் 2ன்னு சொல்லிக்கிட்டு திரிஞ்சிருக்கேன்.

தவளக்குப்பம் வந்துடுச்சு, எறங்கறவங்க என் கால மிதிக்கிறாங்க, அப்புறம்.

7 ஜூன், இரவு 9.30

நோட்ட பரண்லேந்து எடுத்தேன், கரையான் ஒரு ஓரம் தின்னுருக்கு. அந்த பக்கத்துல “9” மட்டும்தான். எந்த பக்கம் 9ன்னு இல்ல. குழி மூணும் ஒரே மாதிரி தள்ளலங்கறது இப்பதான் கண்ணுல படுது, 6, 7, 8ன்னு பென்சில்ல இருக்கு, அப்ப ஸ்டார் நேரா தள்ளல, கொஞ்சம் திரும்பியிருக்கு, ஆக மூளை நடுவுல அந்த தப்பு எவ்வளவுன்னு குழிய வெச்சு அப்படியே சொல்லவும் முடியாது. அடுத்த பக்கத்த திருப்புனா, குழி மூணையும் வெச்சு திரும்ப ரிஜிஸ்டர் பண்ணி, அதாவது தலையையும் படத்தையும் மறுபடி பொருத்தி, அதே கவைய 20 நிமிஷம் கழிச்சு தொட்டிருக்கேன், 6 மில்லின்னு எழுதியிருக்கு. அப்ப 2ம் இல்ல, 9ம் இல்ல. அந்த 20 நிமிஷத்துல இன்னும் தண்ணி கசிஞ்சு கூடுதலா எறங்குச்சா, இல்ல மொதல்லயே 6தானா? நோட்டு சொல்லல. நானும் எழுதல.

முப்பத்தி ரெண்டு கேஸ் எழுதியிருக்கேன் அந்த நோட்டுல. ஒண்ணுலகூட தெசை இல்ல. சிரிங்க, நல்லா சிரிங்க.

8 ஜூன், மதியம் 2.00

சில்வர் பீச்சுல இளநி விக்கிறவர்கிட்ட கேட்டா போதும், தண்ணிய உறிஞ்சினா வழுக்கை ஓட்டுலதான் ஒட்டிக்கெடக்கும், நகராதுன்னு ஒருத்தர் எழுதியிருக்காரு. ஐயா, வழுக்கை ஓட்டோட பொறந்தது. மூளை அப்படி இல்ல, சொளையா நடுவுல தனியா கெடக்கு. ஆனா உங்களால எனக்கு ஒரு யோசனை வந்துச்சு.

9 ஜூன், இரவு 10.55

ஞாயித்துக்கெழம வீட்ல கடல்பாசி காய்ச்சினேன். பாக்கெட்டுல போட்ட அளவுல பாதிக்கும் கீழ, ஆடி ஆடி நிக்கிற பதம். எவர்சில்வர் டப்பா ஒண்ணுல ஊத்தி, பாதி எறுகும்போது கடுகு நாலு, இன்னும் கொஞ்சம் ஊத்தி கடுகு நாலு, மேல நாலு. மொத்தம் மூணு அடுக்கு. எறுகினதும் டப்பாலேந்து மெதுவா விடுவிச்சு, அதவிட பெரிய கண்ணாடி பாத்திரத்துல வெச்சு சுத்தி தண்ணி. உப்பு கரைச்ச தண்ணி, இல்லன்னா மெதப்பு பத்தாது. எங்கம்மா எட்டி பாத்துட்டு, கடல்பாசில எவன்டா கடுகு தாளிப்பான்னாங்க.

கண்ணாடிக்கு பின்னால பையனோட கிராஃப் பேப்பர ஒட்டி, போன ஸ்டூல் மேல அசையாம கட்டி வெச்சு ஒரு போட்டோ. அப்புறம் ட்யூப் போட்டு தண்ணிய உறிஞ்சு எடுத்துட்டு இன்னொரு போட்டோ. மேலடுக்கு கடுகு 4 மில்லி எறங்கியிருக்கு, நடு அடுக்கு ஒண்ணரை, அடிக்கடுகு அசையவே இல்ல. ஓரத்துல இருந்த கடுகு எறங்கறதோட வெளிப்பக்கமா வேற பிதுங்கியிருக்கு, அத நான் எதிர்பாக்கல. அரை மணி கழிச்சு பாத்தா மேலடுக்கு 5 ஆயிடுச்சு.

இது மூளை இல்ல, தெரியும். மூளைக்குள்ள நடுவுல ஒரு தடுப்புச்சுவர் இருக்கு, தண்ணி அறைங்க இருக்கு, ரத்தம் ஓடுது. ஆனா ஒரு விஷயம் கண்ணால பாத்தாச்சு. மேல எவ்ளோ நகந்துச்சுன்னு தெரிஞ்சா உள்ள எவ்ளோன்னு சொல்லிட முடியாது. எங்க மேடம் இத நூறு தடவ சொல்லியிருக்காங்க, கடுக பாத்தப்பதான் மண்டைல ஏறுச்சு. இதையே கம்ப்யூட்டர்ல பண்றவங்க இருக்காங்க, மூளை எவ்ளோ மெதுமெதுன்னு கணக்கு குடுத்து, மேல்பரப்ப ரெண்டு கேமராவாலயோ லேசராலயோ அளந்து, உள்ள எப்படி நகந்திருக்கும்னு மாடல் போட்டு பழைய படத்தையே வளைச்சு காட்டறது. டார்ட்மத்துலயும், அமெரிக்காவுலயே இருக்க வாண்டர்பில்ட் யுனிவர்சிட்டிலயும் வருஷக்கணக்கா இந்த வேல நடக்குது.

கடல்பாசிய யாரும் சாப்பிடல.

11 ஜூன், இரவு 10.10

ஒரு திருத்தம். நாலாம் தேதி நான் எழுதினத படிச்சா மூளை எப்பவும் கீழதான் எறங்கும்னு தோணும். இல்ல. வீக்கம் இருக்க கேஸ்ல உறைய கிழிச்சதும் மேல பிதுங்கி வரும், எலும்பு ஓரத்துக்கு வெளியவே வரும். அந்த நேரத்துல தியேட்டர்ல யாரும் பேசமாட்டாங்க, அனஸ்தீசியா டாக்டர் கை மட்டும் வேகமா ஓடும். அப்ப கவைய தொட்டா படத்துல புள்ளி மண்டைக்கு வெளிய, காத்துல நிக்கும். மொத மொதல்ல அத பாத்தப்ப மிஷின் கெட்டுப்போச்சுன்னு நெனச்சு கேமராவ ஆஃப் பண்ண போனேன்.

இன்னொண்ணு, பாயிண்டரால தொடறதே ஒரு அழுத்தம். தயிர்ல கரண்டி வெச்சா குழியுதுல்ல, அதனால அளக்கப்போறவனே ஒரு மில்லிய கெடுத்துடுவான். ராபர்ட்ஸ் ஆளுங்க மைக்ரோஸ்கோப் ஃபோகஸ் நிக்கிற எடத்தையே அளவா எடுத்தது இதுக்கும் தோதா போச்சு, மூளைய தொடவே வேணாம்.

12 ஜூன், இரவு 11.30

நகரும்னு தெரிஞ்சே எதுக்கு அத வெச்சுக்கிட்டு ஆபரேஷன் பண்றாங்கன்னு கோவமா ஒரு மேடம் கேட்டிருக்காங்க. நியாயமான கோவம். தோல எங்க கீறணும், எலும்ப எங்க எவ்ளோ தொறக்கணும், இதெல்லாம் மூளை அசையறதுக்கு முன்னாடி முடிவாகற விஷயம், அதுல நேவிகேஷன் தங்கம். முன்ன ஒரு கை அகலம் தொறந்த எடத்துல இப்ப பாதி போதும். உறைய கிழிச்ச பிறகு சர்ஜன் அத சொந்தக்காரன் சொல்ற தகவல் மாதிரிதான் வெச்சுக்குவாங்க, கேட்டுக்குவாங்க, முழுசா நம்பமாட்டாங்க. கண்ணு, கை, ரத்தக்குழாய் போற தடம், இதுங்கதான் அப்புறம் வழி.

புதுப்படம் வேணும்னா அல்ட்ராசவுண்ட் இருக்கு. ப்ரோபுலயும் உருண்டைங்க மாட்டி, பள்ளத்துல சலைன் ஊத்தி, மேல வெச்சா இப்ப இந்த நிமிஷம் கட்டி எங்க இருக்குன்னு பழைய எம்.ஆர்.ஐ. மேலயே விழும். ரெண்டு விளிம்புக்கும் நடுவுல இருக்க இடைவெளிதான் நகந்த அளவு, கண்ணுக்கு நேரா. மழை பெய்யற டிவி மாதிரி படம், பழகினாத்தான் புரியும், எனக்கு ஒரு வருஷம் ஆச்சு. பணம் கொட்டினா தியேட்டருக்குள்ளயே எம்.ஆர்.ஐ., பாஸ்டன்ல 1994லயே ரெண்டு காந்தத்துக்கு நடுவுல சர்ஜன் நின்னு பண்ற மாதிரி செஞ்சாங்க. இரும்பு சாமான் ஒண்ணு உள்ள போகக்கூடாது, கத்தரிக்கோல்லேந்து எல்லாமே வேற.

படமே வேணாம்ங்கற வழியும் உண்டு. சில வகை கட்டிக்கு ஆபரேஷனுக்கு ஒரு மூணு மணி நேரம் முன்னாடி ஒரு மருந்த குடிக்க குடுப்பாங்க, மைக்ரோஸ்கோப்ல நீல வெளிச்சம் போட்டா கட்டி மட்டும் ரோஸ் கலர்ல மின்னும். அது மூளையோட சேந்தே நகருது, அதனால கணக்கே வேணாம். பேச்சு வர்ற எடத்துக்கு பக்கத்துலன்னா பேஷண்ட முழிக்க வெச்சு பேச வெச்சுக்கிட்டே எடுப்பாங்க, மூளைல வலி தெரியாது. கிட்ட நின்னு படத்த காட்டி இது என்னன்னு கேக்கற வேல ஒருதடவ எனக்கு வந்துச்சு. வாழைப்பழம் படத்த காட்டினேன், அந்த தாத்தா “பூவன்” அப்படின்னாரு. உள்ளேந்து மேடம் சிரிச்சுட்டாங்க.

14 ஜூன், இரவு 9.45

மெஷின் இல்லாத காலத்துல எப்படின்னு கேட்ட பெரியவருக்கு. வேலூர்ல 1949ல டாக்டர் ஜேக்கப் சாண்டி மூளை ஆபரேஷன் பிரிவ ஆரம்பிச்சாரு, அடுத்த வருஷம் சென்னைல ராமமூர்த்தி. சென்னை டீம்ல டாக்டர் கனகா அம்மா, தலைல உலோக ஃப்ரேம் மாட்டி எக்ஸ்ரேய வெச்சு ஆழத்துல இருக்க எடத்த கணக்கு போட்டு ஊசி எறக்கினவங்கள்ல ஒருத்தங்க. எம்.ஆர்.ஐ. கெடையாது, சி.டி. கெடையாது. ஆனா ஓட்டை சின்னது, தண்ணி அதிகம் போகாது, அதனால மூளையும் அதிகம் நகராது. பெரிய ஜன்னல தொறந்தாத்தான் இந்த தலைவலி எல்லாம். சின்ன ஓட்டைலயும் காத்து கொஞ்சம் போகத்தான் செய்யும், அத சுத்தமா இல்லன்னு சொல்லமாட்டேன்.

17 ஜூன், காலை 7.05

புது நோட்டு வாங்கியாச்சு, நூறு பக்கம். இந்த தடவ கட்டம் போட்டிருக்கேன்: மணி, குழி மூணும் எவ்ளோ, கவை எவ்ளோ, எந்த பக்கம், மேசை எந்த சாய்வுல. கணக்கு வாத்தியார் மேலும் கீழும், முன்னும் பின்னும், இடமும் வலமும்னு மூணு நம்பரா எழுத சொன்னாரு. மிஷின் அத எப்பவுமே காட்டிக்கிட்டுத்தான் இருந்திருக்கு, ஓரத்துல சின்ன எழுத்துல. நான்தான் நடுவுல இருக்க பெரிய நம்பர மட்டும் பாத்திருக்கேன். மொத கேஸ் நேத்து: குழி மூணும் 1க்குள்ள, கவை 5, அதுல 4 மில்லிக்கும் அதிகம் நேர் கீழ்ப்பக்கமா.

18 ஜூன், இரவு 10.00

பெரியம்மாவுக்கு வர்ற வாரம் மார்க்கர் ஒட்டப்போறாங்க, தல குளிக்கலாமான்னு தம்பி கேட்டிருக்காரு. ஸ்கேனுக்கு முன்னாடி தலைல வளையம் வளையமா சின்ன ஸ்டிக்கர் ஒட்டுவாங்க, பட்டன் மாதிரி, அத வெச்சுத்தான் மறுநாள் தலையையும் படத்தையும் பொருத்தறது. ஒட்டினதுக்கு அப்புறம் தல குளிக்க வேணாம்னுதான் எங்க பக்கம் சொல்லி அனுப்புவோம், அங்க என்ன சொல்றாங்களோ அதையே கேளுங்க. சுத்தி பேனாவுல வட்டம் போடுவாங்க, அத அழிக்க வேணாம்.

போன வருஷம் ஒரு அம்மா, ராத்திரி தூக்கத்துல ஒண்ணு விழுந்துடுச்சு. விடிஞ்சதும் அவங்களே எடுத்து, ஸ்டிக்கர் பொட்டு ஒட்டற மாதிரி, உத்தேசமா வேற எடத்துல ஒட்டிக்கிட்டு வந்துட்டாங்க, யார்கிட்டயும் சொல்லல. ரிஜிஸ்ட்ரேஷன் பண்ணா நம்பர் எகிறுது, நான் கேமராவ தொடைக்கிறேன், உருண்டைய மாத்தறேன், ஒண்ணும் ஆகல. கடைசில சிஸ்டர்தான் பேனா வட்டம் ஒண்ணு காலியா இருக்கறத பாத்தாங்க. அந்த ஒண்ண கணக்குலேந்து தூக்கினதும் நம்பர் சரியாச்சு. அதனால விழுந்தா விழட்டும், பர்ஸ்ல போட்டு எடுத்துக்கிட்டு வந்து சொல்லிடுங்க. நீங்களா ஒட்டாதீங்க.